வேல்பாண்டிக்கு ஒரு வால்

"எங்க அண்ணன் பேர் மட்டும் ஏன் இப்படி மொட்டையா நிக்குது?" என்று உமாதேவி கேட்டபோது, சங்கரலிங்கம் இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார். தோய்த்த இட்லி அங்கேயே நின்றுவிட்டது.

அவள் கையில் இருந்தது மகள் சுபாஸ்ரீயின் காதுகுத்துப் பத்திரிகை. முழுசாக அச்சடிக்கும் முன் சரிபார்க்க அச்சகத்திலிருந்து வந்த மாதிரித் தாள்.

"மொட்டையா எங்க இருக்கு? தாய்மாமன்னு போட்டிருக்கே."

"அது ஊருக்கே தெரிஞ்சது. உங்க சென்றாயன் சித்தப்பாவுக்கு என்ன போட்டிருக்கீக? முன்னாள் ஹவில்தார். உங்க பெரியப்பாவுக்கு மிராசுதார். உங்க அக்கா வீட்டுக்காரருக்கு ஒப்பந்ததாரர். உங்களுக்கு நீங்களே போட்டுக்கிட்டது, வண்ணப்பூச்சு விற்பனை உரிமதாரர். ஒரு பெயிண்டுக் கடைக்கு இம்புட்டு நீளத்துக்குப் பட்டம். எங்க அண்ணனுக்கு வேல்பாண்டி, அவ்வளவுதேன்."

வேறொரு கணவனாக இருந்தால் "விடு உமா" என்று சொல்லிவிட்டு இரண்டாவது இட்லிக்குப் போயிருப்பான். சங்கரலிங்கத்தால் முடியவில்லை. தவறு நடந்திருப்பது அவருடைய சொந்தத் துறையில்.

போடி கடைவீதியில் அவருக்கு இருந்தது பெயிண்டுக் கடைதான். ஆனால் உயிர் இருந்தது சொற்களின் வாலில். ஒரு சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற குட்டி உறுப்பு எந்த ஊர், எந்த மொழி, யார் கூட்டி வந்தது என்று நோண்டுவதில் அவருக்கு அப்படி ஒரு சுகம். ப்ரைமர் வாங்க வந்தவர் ப்ரைமரோடு மட்டும் போக முடியாது. "தாசில்தார்ல தார் எங்கருந்து வந்துச்சு தெரியுமா? பாரசீகம். தார்னா வச்சிருக்கிறவன், பிடிச்சிருக்கிறவன். ஜமீன பிடிச்சிருந்தா ஜமீன்தார். வடமொழியில தரன்னு இருக்கு பாருங்க, கிரிய பிடிச்சவன் கிரிதரன், அதுவும் இதுவும் ஒரே ரத்தம், பங்காளிக. நம்மாளு சும்மா இருப்பானா, பாரசீக வாலுக்குப் பின்னாடி மரியாதைக்கு ஒரு அர் சேர்த்து, பங்குதாரர், சந்தாதாரர்னு குட்டி வால் ஒண்ணு வச்சான்." வந்தவர் மீதிச் சில்லறைக்கு நீட்டிய கையோடு நிற்பார். வடக்கே ஜி, குமுளி தாண்டினால் சேட்டன், ஜப்பானில் சான் என்று ஒரு சுற்றுப் போய் வந்த பிறகுதான் சில்லறை கிடைக்கும்.

அப்பேர்ப்பட்டவர் மகள் காதுகுத்துக்குப் பத்திரிகை எழுதினால் எப்படி இருக்கும்? சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் தேடித்தேடி ஒரு தார் மாட்டியிருந்தார். மச்சானுக்கு மட்டும் எதுவும் அகப்படவில்லை.

"உங்களுக்குத் தெரியும்ல, எங்க அண்ணனுக்கு மரியாதைன்னா உசுரு" என்றாள் உமாதேவி. "எங்க அத்தை மக கல்யாணத்துல பேர கீழ போட்டாகன்னு, பந்தியில இலைய மூடிட்டு எந்திரிச்சு வந்தவுக. எங்க அண்ணன் வரலன்னா நான் கோயில் படி ஏற மாட்டேன், சொல்லிட்டேன்."

அவள் ஏறாவிட்டாலும் சமாளிக்கலாம். சுபாஸ்ரீயைச் சமாளிக்க முடியாது. ஆசாரி ஊசியோடு வரும்போது மாமா மடியில்தான் உட்காருவேன், வேறு யார் மடியிலாவது உட்கார வைத்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன் என்று அவள் எப்போதோ அறிவித்துவிட்டாள். வேல்பாண்டியும் சும்மா மாமன் இல்லை. சின்னமனூரிலிருந்து வரும்போதெல்லாம் மருமகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதியை ஒரு சுற்றுச் சுற்றாமல் திரும்பியதில்லை. போன வாரம்கூடப் போனில், "நாள் குறிச்சா சொல்லுங்க மாப்ள, நான் சீர் ஏற்பாடெல்லாம் பார்க்கணும்" என்று கேட்டிருந்தார். "அதெல்லாம் பத்திரிகையில விளக்கமா வருது மச்சான், பாருங்க, அசந்து போவீக" என்று சங்கரலிங்கம் சொல்லியிருந்தார்.

கைகழுவிவிட்டு நேரே அச்சகத்துக்குப் போனார்.

அச்சகம் வைத்திருந்த கலீல் ரஹ்மான் கம்பத்துக்காரர், சங்கரலிங்கத்தின் நண்பர். ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டு, கணினியில் வேறு யாருடைய கல்யாணத்தையோ முடித்துக்கொண்டிருந்தார்.

"பாய், மச்சானுக்கு வால் கிடைச்சிருச்சு. வாழைத்தோட்டக் குத்தகைதாரர், சின்னமனூர்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நீளமா இருக்கே. தாள்ல எடம் இல்லண்ணே, எதையாச்சும் எடுக்கணும்."

"பேர் உள்ள வரியில கை வச்சா குடும்பம் ரெண்டாப் போயிரும். பேர் இல்லாத வரியா பார்த்து ஒண்ணத் தூக்குங்க. அதையெல்லாம் எவன் படிக்கிறான்?"

கலீல் போனில் யாருக்கோ "சரி சரி" என்றார். மவுஸ் ஒருமுறை சொடுக்கியது. "ஆச்சுண்ணே" என்று இவரிடமும் சொன்னார்.

அந்தப் பக்கத்தில் இப்போது பத்திரிகை அச்சாகும் முறையே இதுதான். முதலில் படமாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போக வேண்டும். அங்கே அத்தனை பேரும் தத்தம் பெயரைப் பெரிதாக்கிப் பார்த்து, சரி என்று கட்டைவிரல் காட்டிய பிறகே தாளில் ஏறும். அச்சான முதல் பத்திரிகை வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டில் தாய்மாமன் வீட்டுக்குப் போகும். அது போகும்வரை வேறு வாசலில் கால் வைக்கக்கூடாது. சங்கரலிங்கம் கடைக்குத் திரும்பி படத்தைக் குழுவில் போட்டார். கட்டைவிரல்கள் வரிசையாக முளைத்தன.

வேல்பாண்டியிடமிருந்து கட்டைவிரல் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

சங்கரலிங்கம் ஆவலோடு எடுக்கப் போனார். அதற்குள் வீட்டிலிருந்து உமாதேவியின் அழைப்பு குறுக்கே விழுந்தது.

"என்ன காரியம் பண்ணியிருக்கீக? குத்தகைதாரரா? எங்க அண்ணன் அடுத்தவுக நெலத்துல வாழை போடுறாகன்னு ஊருக்கே அச்சடிச்சுக் குடுக்கணுமா?"

"அதுல என்ன உமா கேவலம், உழைச்சுச் சாப்பிடுறவுக..."

"அப்ப உங்களுக்கு வாடகைக் கட்டடத்துல பெயிண்டு விக்கிறவர்னு போட்டுக்கிற வேண்டியதுதானே."

மச்சானின் போன் எதற்கென்று சங்கரலிங்கத்துக்குச் சட்டென்று புரிந்ததுபோல் இருந்தது. "உமா, மச்சான் இப்பதேன் கூப்பிட்டாக."

"கோவத்துலதேன் கூப்பிட்டிருப்பாக. எடுக்காதீக. முதல்ல சரிபண்ணிட்டு அப்புறம் பேசுவோம். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவுககிட்டப் பேசுவேன்?"

போன் மறுபடி அடித்தது. 'மச்சான்' என்று திரையில் வந்தது. சங்கரலிங்கம் அதைக் கவிழ்த்து வைத்து, மேலே பெயிண்டு டப்பாவின் மூடியையும் வைத்தார். மூடிக்கு அடியில் கிடந்து அது அன்று முழுவதும் விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் வேறொரு யோசனை வந்தது. சின்னமனூருக்கு வெளியே மச்சானுக்குப் பூர்வீகமாகக் கொஞ்சம் நிலம் உண்டு. ஆக, பட்டாதாரர். குத்தகையைவிடக் கௌரவம், சொல்லும் குட்டை. கலீல் மாற்றிக் கொடுத்தார். படம் குழுவுக்குப் போனது.

மதியம் ஒரு பைக் கடை வாசலில் வந்து உறுமி நின்றது. அஜய்குமார் இறங்கினார். வேல்பாண்டியின் சித்தப்பா மகன். உமாதேவிக்கு இவரும் அண்ணன் முறைதான்.

"மாப்ள, அந்தப் பட்டா யார் பேர்ல இருக்கு?"

"யார் பேர்ல?"

"கூட்டுப் பட்டா. அவர் பேரும் இருக்கு, என் பேரும் இருக்கு. அதுக்குத்தானே உத்தமபாளையம் கோர்ட்டுல ரெண்டு பேரும் மல்லுக்கட்டிக்கிட்டு கிடக்கோம். நாளைக்கு அவரு வக்கீல் உங்க பத்திரிகையத் தூக்கிக் காட்டி, பாருங்க ஐயா, சொந்தக்காரவுகளே இவரத்தான் பட்டாதாரர்னு ஒத்துக்கிட்டாகன்னு சொன்னா நான் எங்கன போய் நிக்க?"

"காதுகுத்துப் பத்திரிகைய கோர்ட்டுல காட்டுவாகளா?"

"அவரு காட்டுவாரு. எனக்கும் போடுங்க. இல்லன்னா அவருக்கும் கூடாது. ரெண்டும் இல்லன்னா நான் வரல, என்கூட வர்ற பத்து வண்டி சனமும் வராது."

இருவருக்கும் பட்டாதாரர் என்று போட்டால் மச்சான் சும்மா விடுவாரா? ஒருவருக்கும் போடாவிட்டால் மறுபடி மொட்டை. சங்கரலிங்கம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். கோபமே வராத, பொய்யே இல்லாத, இருவருக்கும் சமமாக ஒரு வால் வேண்டும். அரசாங்கமே கொடுத்த வாலாக இருந்தால் யாரும் மறுக்க முடியாது.

அவருக்கு அது கிடைத்தது. கிடைத்த சந்தோஷத்தில் கடையை அப்படியே விட்டுவிட்டு அச்சகத்துக்கு ஓடினார். கலீலை மாற்றச் சொல்லி, அங்கேயே நின்று குழுவில் போட்டும் விட்டார். போட்ட பிறகு ஒருமுறை வாசித்துப் பார்த்தார்.

திரு. வேல்பாண்டி, மனுதாரர்.
திரு. அஜய்குமார், எதிர்மனுதாரர்.

"அண்ணே, காதுகுத்தா, வாய்தாவா?" என்று கலீல் மெதுவாகக் கேட்டார்.

குழுவில் யாரோ தராசுப் படம் ஒன்றைப் போட்டார்கள். இன்னொருவர் "ஆசாரி வருவாரா, கோர்ட்டு அமீனா வருவாரா?" என்று கேட்டிருந்தார். சங்கரலிங்கம் அவசரமாக அழித்தார். ஆனால் பார்க்க வேண்டியவர்கள் அதற்குள் பார்த்துவிட்டார்கள். இனிமேலும் ஒளிந்து பயனில்லை, காலில் விழுந்தாவது கேட்டுக்கொள்வோம் என்று தானாகவே மச்சானுக்குப் போன் போட்டார்.

அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. மலையாளத்திலும் ஒருமுறை சொன்னது. எல்லைப் பக்கத்து டவருக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு. இரண்டு மொழியிலும் செய்தி ஒன்றுதான்.

அன்று வீட்டில் காபி வரவில்லை. "எங்க அண்ணன் போன அணைச்சு வச்சு நான் பார்த்ததே இல்ல" என்று மட்டும் உமாதேவி சொன்னாள். அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. கண் கலங்கிப் போய் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சங்கரலிங்கத்துக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. ஒட்டு ஒட்டாய்ச் சேர்த்து உறவையெல்லாம் பிய்த்துக்கொண்டிருக்கிறோமே என்று நிஜமாகவே வருந்தினார்.

வருத்தத்தில் எடுக்கிற முடிவுகள் பெரிதாகத்தான் இருக்கும். வாலால் வந்த வினை, வாலே வேண்டாம். அத்தனை பேருக்கும் நறுக்கிவிடுவோம். ஹவில்தார், மிராசுதார், உரிமதாரர் எல்லாம் போய், பத்திரிகை முழுக்க வெறும் பெயர்களாக அடுத்த படம் குழுவில் ஏறியது.

சென்றாயன் சித்தப்பா உடனே கூப்பிட்டார்.

"ஏலே சங்கரா, அந்தப் பட்டம் நான் பனியில நின்னு வாங்குனது. காலுல ரெண்டு விரல் மரத்துப் போச்சு, அதுக்குப் பட்டாளத்துல குடுத்தது அது. நீ பெயிண்டுக் கடையில உக்காந்துகிட்டு சிரைச்சு எடுக்கிறியோ?"

"சித்தப்பா, எல்லாருக்கும் பொதுவாத்தேன்..."

"அப்ப காதையும் பொதுவா ஒரு ஆளுக்குக் குத்திக்க."

சென்றாயன் குழுவிலிருந்து வெளியேறினார். பெரியப்பா வெளியேறினார். அக்கா வீட்டுக்காரர் வெளியேறினார். கொஞ்ச நேரத்தில் குழுவில் மிச்சம் இருந்தது சங்கரலிங்கமும், உமாதேவியும், போனை அணைத்து வைத்திருந்ததால் வெளியேற முடியாத வேல்பாண்டியும்தான்.

சங்கரலிங்கம் கூடத்தில் இடிந்துபோய் உட்கார்ந்தார். எதிரே சுபாஸ்ரீ தன் பொம்மையை மடியில் வைத்து, விளக்குமாற்றுக் குச்சியால் அதற்குக் காது குத்திக்கொண்டிருந்தாள். பொம்மை நழுவியது. இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

"ஆடக் கூடாது. நான் புடிச்சிருக்கேன்ல? புடிச்சிருந்தா வலிக்காது."

"யாரு ஆத்தா அப்படிச் சொன்னா?"

"வேல்பாண்டி மாமா. அவுக என்னைய மடியில வச்சுக் கெட்டியா புடிச்சுக்கிருவாகளாம். அப்ப வலிக்காதாம்."

சங்கரலிங்கம் நிமிர்ந்தார். இத்தனை நாளும் மச்சான் கையில் என்ன இருக்கிறது, நிலமா, குத்தகையா, வழக்கா என்று தேடிக்கொண்டிருந்தார். தார் என்றால் பிடித்திருப்பவர் என்று ஊருக்கே பாடம் நடத்தியவருக்கு, அந்த மனுஷன் எதைப் பிடித்துக்கொள்ளப் போகிறார் என்பது மட்டும் உறைக்கவில்லை.

"மடிதாரர்" என்றார் கலீலிடம்.

"அப்படி ஒரு வார்த்தை இருக்காண்ணே?"

"பங்கு தமிழ், தார் பாரசீகம், அர் மறுபடியும் தமிழ். பங்குதாரர் இருக்கும்போது மடிதாரர் இருக்கக் கூடாதா? எல்லா வாலையும் பழையபடி மாட்டுங்க. அஜய்குமாருக்குத் துணை மடிதாரர். இனி குழுவும் வேண்டாம், கட்டைவிரலும் வேண்டாம். நேரே அச்சடிங்க."

ஈரம் காயாத பத்திரிகையில் சங்கரலிங்கம் தன் கண்டுபிடிப்பைத் தடவிப் பார்த்தார். நல்ல எழுத்து, கொஞ்சம் சாய்ந்த எழுத்து. உமாதேவியும் அந்த ஒரு வரியை வாசித்துவிட்டு, "பரவால்ல, உங்களுக்கும் அப்பப்ப மூளை வேல செய்யுது" என்றாள். அன்று காபி வந்தது.

மறுநாள் காலையில் தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு பத்திரிகையை வைத்துக்கொண்டு இருவரும் சின்னமனூருக்குக் கிளம்பினார்கள். சுபாஸ்ரீ ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டாள்.

வேல்பாண்டி வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. வேன்காரர் இம்மானுவேல் அதன் மேல் சாய்ந்து நின்றார். சங்கரலிங்கம் ஸ்கூட்டரை அங்கேயே நிறுத்தினார். "உமா, மச்சான் எங்கயோ வெளியூர் கிளம்புறாக" என்று முணுமுணுத்தார். காதுகுத்து நேரம் பார்த்து ஊரிலேயே இருக்கக் கூடாது என்று முடிவுசெய்துவிட்டார் போலும்.

வேல்பாண்டியின் மனைவி மலையம்மாள் கதவைத் திறந்தாள். "வாங்கண்ணே. வா உமா." மரியாதை இருந்தது, சிரிப்பு இல்லை.

"மதினி, அண்ணன் இருக்காகளா?"

"இருக்காக. பேசத்தேன் மாட்டேங்கிறாக. நம்மள வேண்டாதவுகளா ஆக்கிட்டாகன்னு மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காக."

வேல்பாண்டி உள்ளே நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சுபாஸ்ரீ ஓடிப்போய் மடியில் ஏறியதும் விறைப்பு பாதி போனது. மீதியோடு, "வாங்க மாப்ள" என்றார். "போன் எடுக்கக்கூட நேரமில்லாத ஆளு, நேர்லயே வந்துட்டீகளே."

"மச்சான், எல்லாம் என் தப்பு. இதப் படிங்க, அதுக்கப்புறம் அடிக்கிறதுன்னாலும் அடிங்க."

இருவரும் சேர்ந்து தட்டை நீட்டினார்கள். வேல்பாண்டி எழுந்து நின்று, மருமகளை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு வாங்கினார். பத்திரிகையைப் பிரித்து மேலிருந்து கீழே படித்தார்.

"மடிதாரர்னா என்ன மாப்ள?"

சங்கரலிங்கம் சொன்னார். பாரசீகத்தில் ஆரம்பித்து, ஜமீன், கிரிதரன் எல்லாம் தொட்டு, பொம்மையில் வந்து முடித்தார். "நிலத்தப் பிடிச்சவன் பட்டாதாரர், மச்சான். எம்பிள்ளையப் பிடிச்சுக்கிறவுகளுக்கு நான் வேற என்ன பட்டம் குடுப்பேன்?"

வேல்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லா இருக்கு மாப்ள. ரொம்ப நல்லா இருக்கு." பிறகு பத்திரிகையை மறுபடி மேலிருந்து கீழே படித்தார். திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உறைக்குள் விரலை விட்டுத் துழாவினார். அவர் முகம் மறுபடி சுருங்கிக்கொண்டு வந்தது.

"இன்னும் என்ன மச்சான் குறை?" சங்கரலிங்கம் அழாத குறையாகக் கேட்டார். "பேர் இன்னும் கொஞ்சம் பெருசா வேணுமா?"

தாய்மாமன் தானாக வாய்விட்டுக் கேட்பது எப்படி என்கிற மாதிரி வேல்பாண்டி மனைவியைப் பார்த்தார். மலையம்மாள் வாசலைப் பார்த்தாள். அங்கே நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த வேன்காரர் இம்மானுவேல் தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, போன அணைக்கிற வரைக்கும் நீங்க அனுப்புன ஒவ்வொரு படத்தையும் நானும் அவுகளும் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்துட்டோம், இதுலயும் இல்ல, அதக் கேக்கத்தான் அன்னைக்கு முழுக்க உங்களுக்குப் போன் போட்டாக, சீர் கொண்டுவர வண்டியும் பேசியாச்சு... காதுகுத்து என்னைக்குண்ணே?"